வராதவர் கணக்கு

உங்கள் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி. டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. தாளில் ஒன்பதே ஒன்பது கேள்விகள். போன இரண்டு வாரங்களில் மனசு சோர்ந்து கிடந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது கவனம் நிற்கிறதா, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள். அறவே இல்லை என்றால் 0. சில நாள் என்றால் 1. பாதி நாளுக்கு மேல் என்றால் 2. ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 27 மார்க். குறையக் குறைய சந்தோஷப்பட வேண்டிய பரீட்சை.

பி.எச்.க்யூ-9 என்று பெயர். மனச்சோர்வை அளக்கும் கருவி. 2001-ல் க்ரோன்கி, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கப்புறம் உலகமெங்கும் பரவிவிட்டது. தமிழிலும் உண்டு. பத்து மார்க்கைத் தொட்டால் டாக்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது பொதுவான வழக்கம்.

நீங்கள் எட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டீர்கள். கூட்டினால் 9 வருகிறது. ஒன்பதாவது கேள்வி கொஞ்சம் வில்லங்கமானது. செத்துப் போய்விடலாம் என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா?

பக்கத்து நாற்காலியில் உங்கள் மனைவி. அல்லது கணவர். எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேனா அங்கே நிற்கிறது. யோசிக்கிறீர்கள். அப்படியே விட்டுவிட்டுத் தாளை நீட்டிவிடுகிறீர்கள்.

கவுன்டரில் இருப்பவர் கடகடவென்று கூட்டுகிறார். எட்டுக் கேள்விக்கு 9. காலியாக இருக்கும் கட்டத்துக்கு என்ன மார்க்? ஒன்றும் இல்லை. ஆக மொத்தம் 9. பத்துக்குக் கீழே. ‘லேசான சோர்வு. சரியாப் போயிடும்.’ அடுத்த பேஷன்ட்.

இப்போது நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் 0 போட்டது யார்? ‘அறவே இல்லை’ என்று நீங்கள் சொல்லவே இல்லை. உங்கள் சார்பில் கவுன்டர்காரர் சொல்லிவிட்டார்.

இன்னொரு ஆஸ்பத்திரி. அங்கே வேறு வழக்கம். ஒரு கேள்வி விடுபட்டால், மற்ற எட்டின் சராசரியை அதற்கும் போட்டுக்கொள்வார்கள். எட்டுக்கு 9 என்றால் ஒன்பதுக்கு 10.125. ரவுண்டாக 10. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்!

அதே ஆள். அதே தாள். அதே மௌனம். கணக்குப் போட்டவர் மட்டும் வேறு.

உண்மையில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் செய்திருக்க வேண்டியது கூட்டலும் அல்ல, வகுத்தலும் அல்ல. தாளை ஓரமாக வைத்துவிட்டு, கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு, ‘இதை ஏன் விட்டுட்டீங்க?’ என்று தணிவாகக் கேட்டிருக்க வேண்டும். அனுபவமுள்ள டாக்டர்கள் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள்? அவர்கள் கையில் இருப்பது ஆள் அல்ல, அட்டவணை. அதில் ஆங்காங்கே ஓட்டைகள். அந்த ஓட்டைகளை என்ன செய்வது?

இதற்கு ஸ்டாடிஸ்டிக்ஸ்காரர்கள் ‘மிஸ்ஸிங் டேட்டா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடுபட்ட தகவல். எல்லாத் துறையிலும் இருக்கிற தலைவலிதான். ஆனால் மனோதத்துவத்தில் இது தலைவலி இல்லை, ஒற்றைத் தலைவலி. ஏனென்றால் தெர்மாமீட்டருக்கு வெட்கம் கிடையாது. எடை மெஷின் ‘எனக்கு இன்னிக்கு மூடு சரியில்லை’ என்று வராமல் இருந்துவிடாது. மனசை அளக்க இருக்கும் முக்கியமான கருவியே மனுஷன் சொல்கிற பதில்தான். எதை அளக்கப் போகிறோமோ அதுவே பதிலைத் தின்றுவிடும். ரொம்பச் சோர்ந்தவர்களுக்குச் சோர்வைப் பற்றிய கேள்வித்தாளை நிரப்பவே தெம்பு இருக்காது.

*

நான் வேலை பார்த்த பத்திரிகை ஒன்றில் ஒருமுறை வாசகர் சர்வே நடத்தினார்கள். இதழிலேயே கூப்பன் அச்சடித்தோம். வெட்டி, நிரப்பி, அனுப்பவேண்டும். மூட்டை மூட்டையாக வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரே பாராட்டு மழை. ஆசிரியர் பரம திருப்தியாகிவிட்டார். மீட்டிங்கில் அத்தனை பேரும் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தபோது, சர்க்குலேஷன் மேனேஜர் மட்டும் மெதுவாகச் சொன்னார்:

“சார், பிடிக்காம நிறுத்தினவன் கூப்பனை எங்க போய் வெட்டுவான்?”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. புள்ளியியலில் பெரிய பெரிய புத்தகங்கள் சொல்கிற விஷயத்தை அந்த மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார். வந்த பதில்களை எண்ணுவது சுலபம். வராத பதில் ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் வேலை.

இந்த ‘ஏன்’ என்ற கேள்வியை முறையாகக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் டொனால்ட் ரூபின். அமெரிக்கர். வேடிக்கை என்னவென்றால், அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வாங்கிய முதல் பட்டம் மனோதத்துவம். 1965. அப்புறம் ஹார்வர்ட் போய் 1970-ல் புள்ளியியலில் டாக்டர் பட்டம். அடுத்து வேலைக்குச் சேர்ந்த இடம், டோஃபல், ஜி.ஆர்.ஈ. பரீட்சைகளை நடத்துகிற எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ். மனுஷ மனசு, பரீட்சைத் தாள், கணக்கு என மூன்றும் தெரிந்த ஆள். 1976-ல் பயோமெட்ரிக்கா என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து கிளைத்து வளர்ந்ததுதான் இன்றைக்கு இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற மூன்று வகைப் பிரிவினை. பெயர்கள் கொஞ்சம் பயமுறுத்தும். விஷயம் எளிமையானது.

முதல் வகை, மிஸ்ஸிங் கம்ப்ளீட்லி அட் ரேண்டம். சுத்தமான தற்செயல். தாள் மீது டீ கொட்டிவிட்டது. கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. பதிலுக்கும் அது காணாமல் போனதற்கும் ஸ்நான ப்ராப்தி கிடையாது. இதில் ஆபத்து குறைவு. தகவல் குறையும், ஆனால் திரியாது.

சொல்லப்போனால், இந்த வகை ஓட்டையை வேண்டுமென்றே போடுகிறவர்களும் உண்டு. பிசா என்று ஒரு சர்வதேசத் தேர்வு. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கானது. 2009-ம் வருடச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 இறுதியில் முடிவு வந்தபோது, 74 நாடுகளும் பகுதிகளும் அடங்கிய பட்டியலில் நாம் கடைசிக்குப் பக்கத்தில் இருந்ததும், அதையொட்டிப் பெரிய விவாதம் நடந்ததும் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பலருக்குத் தெரியாதது, அந்தத் தேர்வை எந்த மாணவரும் முழுதாக எழுதவில்லை என்பது! கேள்விகள் மொத்தம் ஆறரை மணி நேரத்துக்கு இருந்தன. எந்தப் பிள்ளை உட்காரும்? ஆகவே அதைப் பதின்மூன்று வினாத்தாள்களாகக் கலைத்துப் பிரித்து, ஆளுக்கொன்று கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பெரும்பாலான கேள்விகள் காலி. ஆனால் யாருக்கு எந்தத் தாள் என்பதைத் தீர்மானித்தது குலுக்கல். மாணவரின் திறமையோ பயமோ அல்ல. ஏன் காலி என்று நமக்குத் தெரியும். அதனால் அந்தக் காலியிடம் பொய் சொல்லாது.

இரண்டாவது வகை, மிஸ்ஸிங் அட் ரேண்டம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது தற்செயல் அல்ல. காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் நம் கையில் இருக்கும் தகவலிலேயே இருக்கிறது. முதல் வாரம் அதிக மார்க் எடுத்தவர்கள் மூன்றாவது வாரம் அதிகமாக மட்டம் போடுகிறார்கள் என்று வையுங்கள். முதல் வார மார்க் நம்மிடம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஓரளவு நியாயமாகக் கணக்குப் போடலாம்.

மூன்றாவது வகைதான் வில்லன். மிஸ்ஸிங் நாட் அட் ரேண்டம். போன வாரம் வரைக்கும் ஒருவர் நன்றாகத்தான் இருந்தார். இந்த வாரம் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அதனால் வரவில்லை. எந்த எண்ணை நாம் தேடுகிறோமோ, அந்த எண்ணே அவரை வரவிடாமல் தடுத்துவிட்டது. திருடனைப் பற்றிய புகாரைத் திருடனே கிழித்துப் போட்ட மாதிரி.

இதில் கொடுமை, கையில் இருக்கும் அட்டவணையை எத்தனை தடவை புரட்டினாலும் இது இரண்டாவது வகையா, மூன்றாவதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய தகவல்தான் காணாமல் போயிருக்கிறதே!

*

‘இதெல்லாம் பண்டிதர்கள் சமாசாரம், நமக்கென்ன?’ என்கிறீர்களா. இருங்கள். ஒரு பெரிய கணக்கைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் பணம் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. ஸ்டார்-டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மனச்சோர்வுக்கு சிகிச்சைக்கு வந்த 4,041 பேரைச் சேர்த்தார்கள். முதல் படியில் எல்லோருக்கும் ஸிட்டலோப்ராம் என்ற ஒரே மாத்திரை. அதற்குக் கேட்கவில்லை என்றால் இரண்டாம் படி. சிகிச்சையை மாற்றுவார்கள், அல்லது கூட ஒன்றைச் சேர்ப்பார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் மூன்று. அப்புறம் நான்கு. 2006-ல் முடிவு வெளியானது. நான்கு படிகளும் சேர்ந்து, 67 சதவிகிதம் பேருக்கு நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய முழுதாக நீங்கின என்றார்கள்.

மூன்றில் இரண்டு பேர்! நல்ல சேதிதானே. வருடக்கணக்கில் அந்த எண்ணை எல்லோரும் எடுத்தாண்டார்கள்.

67 எப்படி வந்தது என்று பார்க்கலாம். பயப்படாதீர்கள், எட்டாம் கிளாஸ் கணக்குதான். முதல் படியில் குணமானவர்கள் 36.8 சதவிகிதம். இரண்டாவதில் 30.6. மூன்றாவதில் 13.7. நான்காவதில் 13. நூறு பேர் என்று எடுத்துக்கொண்டால், முதலில் 37 பேர் தேறுகிறார்கள். மிச்சம் 63 பேரும் அடுத்த படிக்கு வந்து, அதில் 19 பேர் தேறுகிறார்கள். மிச்சம் 44 பேரும் மூன்றாவதுக்கு வந்து 6 பேர். மிச்சம் 38 பேரும் நான்காவதுக்கு வந்து 5 பேர். கூட்டுங்கள். 67.

எல்லாம் சரி. ‘மிச்சம் பேரும் வந்து’ என்ற இடத்தில்தான் இருக்கிறது சூட்சுமம். வந்தார்களா?

முதல் படியில் கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் 3,671. அதில் குணமாகாதவர்கள் சுமார் 2,320. இரண்டாம் படிக்கு வந்தவர்கள் 1,439. அங்கே குணமாகாதவர்கள் சுமார் 1,000. மூன்றாம் படிக்கு வந்தது 390. நான்காம் படியில் எஞ்சியவர்கள் 123. ரயில் கிளம்பும்போது நின்றுகொண்டு வந்த கூட்டம், கடைசி ஸ்டேஷனில் ஒரு பெட்டிகூட நிறையவில்லை. இடையில் இறங்கியவர்களில் சிலர் ஓரளவு தேறி, இது போதும் என்று நின்றவர்கள். சிலர் சிகிச்சையே வேண்டாம் என்று போனவர்கள்.

போனவர்கள் எல்லோரும் இருந்திருந்தால், இருந்தவர்களைப் போலவே குணமாகியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் 67 வரும். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எண்ணுக்குக் கால் உண்டு, ‘வைத்துக்கொண்டால்’ என்ற வார்த்தைக்குக் கால் கிடையாது. எண் ஊரெல்லாம் சுற்றியது. நிபந்தனை கட்டுரைக்குள்ளேயே படுத்துவிட்டது.

அந்த எண்களை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு படிகளிலும் கண்ணுக்கு முன்னால் குணமானவர்களை மட்டும் கூட்டினால் சுமார் 1,860 பேர். 3,671-ல் இது 51 சதவிகிதம். அப்படியென்றால் 51-தான் உண்மையா? அவசரப்படாதீர்கள். இதுவும் ஓர் ஊகம்தான். போனவர்கள் ஒருவர்கூடத் தேறவில்லை என்று நான் எழுதிவிட்டேன் பாருங்கள். உண்மை 51-க்கும் 67-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம். அந்த 16 சதவிகிதம்தான் காலி நாற்காலிகளின் விலை.

கதை அதோடு முடியவில்லை. 2023-ல் பிகாட் என்பவரும் அவர் குழுவும் அதே தகவல்களை எடுத்து மறுபடி அலசினார்கள். முதலில் திட்டமிட்டிருந்த அளவுகோலையும், யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முதலில் எழுதிவைத்த விதிகளையும் பயன்படுத்தினால் 35 சதவிகிதம்தான் வருகிறது என்று எழுதினார்கள். பழைய குழுவினர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுப்பு எழுதினார்கள். 67-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வராதவர்களால் வந்தது அல்ல; அளவுகோலும் விதிகளும் மாறியிருக்கின்றன. ஆனாலும் யாரை எண்ணுவது, யாரை விடுவது என்பதே ஒரு முடிவை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பது தெரிகிறதா?

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மருந்து வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது டாக்டரோடு பேச வேண்டிய விஷயம். நான் பேசுவது மருந்தைப் பற்றி அல்ல. கணக்கைப் பற்றி.

*

சரி, ஓட்டையை அடைக்க என்னதான் வழி?

பழைய வழிகள் மூன்று. ஒன்று, ஓட்டை உள்ள தாளையே தூக்கிப் போட்டுவிடுவது. சுத்தமாக இருக்கும். ஆனால் மிஞ்சுகிறவர்கள் எல்லாம் தெம்பாகப் பதில் எழுதக்கூடியவர்கள். கூப்பன் வெட்டி அனுப்பிய ரசிகர்கள்.

இரண்டு, சராசரியைப் போட்டு நிரப்புவது. ஐந்து பேர் 4, 8, 12, 16, 20 என்று மார்க் எடுத்திருக்கிறார்கள். சராசரி 12. இன்னும் ஐந்து பேர் வரவில்லை. அவர்களுக்கும் ஆளுக்கு 12 போட்டுவிட்டால்? சராசரி மாறாது. ஆனால் பத்தில் ஐந்து பேர் அச்சடித்த மாதிரி ஒரே மனசோடு இருப்பதாக ஆகிவிடும். மனுஷர்கள் அப்படியா இருக்கிறார்கள்? அதைவிட மோசம், பத்து பேரைக் கேட்டுவிட்டோம் என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். நம்பகத்தன்மை ஏறிவிட்டதாகக் காட்டும். கேட்டது ஐந்தே பேரைத்தான்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புரியும். ஒரு காலத்தில் மழை வந்து ஓவர் குறைந்தால், சராசரி ரன் ரேட்டைப் பெருக்கி டார்கெட் வைப்பார்கள். எத்தனை விக்கெட் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1997-ல் டக்வொர்த்-லூயிஸ் வந்தபிறகுதான் அந்தத் தகவலும் கணக்கில் ஏறியது. நடக்காத ஓவரை நடந்த ஓவர்களின் சராசரியால் நிரப்பக் கூடாது. தெரிந்த எல்லாவற்றையும் வைத்து நிரப்ப வேண்டும். அதேதான் இங்கேயும்.

மூன்று, கடைசியாக வந்தபோது என்ன மார்க்கோ, அதையே கடைசி வரைக்கும் இழுத்துப் போடுவது. மனநல மருந்து ஆய்வுகளில் ரொம்ப காலம் கொடிகட்டிப் பறந்த வழி. செல்வி என்று ஒருவர் முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 15 எடுத்தார், மூன்றாம் வாரம் வரவில்லை என்றால், மூன்றாம் வாரமும் 15. எட்டாம் வாரமும் 15. நின்று போன கடிகாரத்தில் மணி பார்ப்பது போலத்தான்.

ரூபின் வேறு மாதிரி யோசித்தார். அதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன பி.காம். பாடம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரிந்திருக்கும். ட்ரையல் பேலன்ஸ் போடுகிறீர்கள். பற்றும் வரவும் உதைக்கிறது. 340 ரூபாய் வித்தியாசம். எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் சொல்வார்: “தெரியலைன்னா, தெரியலைன்னு ஒரு அக்கவுண்ட்டைத் திறந்து அதுல எழுதுடா. டேலி ஆயிடுச்சுன்னு மட்டும் எழுதிடாதே.” என்னத்தையோ படித்து எதையோ மறந்துவிட்டேன். இது மட்டும் நிற்கிறது. தெரியாததற்கும் லெட்ஜரில் ஒரு பக்கம் உண்டு.

ரூபினின் முறை கிட்டத்தட்ட அதுதான். மல்ட்டிபிள் இம்ப்யூட்டேஷன் என்று பெயர். 1987-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். காலிக் கட்டத்துக்கு ஒரே ஓர் எண்ணைப் போடாதே, பல எண்களைப் போடு என்பதுதான் சாரம்.

அதே செல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 18, 15, அப்புறம் காணோம். அவரைப் போலவே ஆரம்பித்த, அவர் வயதில் இருக்கிற, அவரைப் போலவே தூக்கம் கெட்ட மற்றவர்கள் மூன்றாம் வாரத்தில் எப்படி இருந்தார்கள்? பெரும்பாலும் 9-லிருந்து 17-க்குள் என்று வையுங்கள். அந்த வீச்சிலிருந்து குலுக்கி ஓர் எண்ணை எடுத்துப் போடு. முதல் தடவை 11 வரும். இன்னொரு தடவை 16. இன்னொரு தடவை 13. இப்படி எல்லோருடைய காலிக் கட்டத்துக்கும் போட்டால் ஒரே ஆய்வுக்கு ஐந்து லெட்ஜர்கள் கிடைக்கும். இப்போதெல்லாம் இருபது, ஐம்பதுகூடப் போடுகிறார்கள். ஐந்திலும் தனித்தனியாகக் கணக்குப் போடு. சராசரி முன்னேற்றம் 6.1, 5.4, 6.8, 5.9, 6.3 என்று வந்தால், விடை 6.1. ஆனால் விஷயம் விடையில் இல்லை. ஐந்தும் ஒன்றுக்கொன்று உதைக்கிறதே, அந்த உதைதான் முக்கியம். அது நம் அறியாமையின் அளவு. அதையும் பிழை வரம்பில் சேர்த்து எழுது என்றார் ரூபின்.

அதாவது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! தெரியாததை மறைக்கவில்லை. அளந்து, பக்கம் போட்டு எழுதியாகிவிட்டது. முன்பு சொன்ன பிசா தேர்விலும் இதே தத்துவம்தான். 2009-ல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே மார்க் போடாமல், இருக்கக்கூடிய ஐந்து மார்க்குகளைப் போட்டு வைத்தார்கள்.

இன்றைக்கு இதைச் செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை. ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. நெதர்லாந்துக்காரரான வான் ப்யூரன் முன்னின்று உருவாக்கியது. பெயர் ‘மைஸ்’. எலிகள்! ஓட்டை போடுகிற பிராணி, இங்கே ஓட்டையை அடைக்கிறது.

*

எலி வந்துவிட்டது, பிரச்னை தீர்ந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போக முடியாது. இந்த முறை பொதுவாக இரண்டாவது வகை ஓட்டையை நம்பித்தான் இயங்குகிறது. வராததற்கான காரணம் நம் கையில் இருக்கும் தகவலுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை. செல்வி வராததற்குக் காரணம் மூன்றாம் வாரத்துச் செல்வியிடமே இருந்தால், ஐந்தென்ன, ஐயாயிரம் லெட்ஜர் போட்டாலும் அது தெரியாது.

அதனால் நேர்மையான ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். ‘வராதவர்கள் நாம் ஊகித்ததைவிட இரண்டு மார்க் மோசமாக இருந்தால்? நான்கு மார்க் மோசமாக இருந்தால்?’ என்று முடிவைத் தாங்களே உலுக்கிப் பார்க்கிறார்கள். எவ்வளவு உலுக்கினால் விழுகிறது என்று எழுதிவைக்கிறார்கள். லேசாகத் தட்டினாலே விழுகிற முடிவா, ஆடாமல் நிற்கிற முடிவா என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

2010-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், மருந்து ஆய்வுகளில் விடுபடும் தகவல் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. கடைசி மார்க்கை இழுத்துப் போடுகிற பழக்கத்தை, தக்க காரணம் இல்லாமல் முதன்மை வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றது. அதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அறிக்கையின் இன்னொரு யோசனை. ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதற்காக அவரைத் தலைமுழுகிவிடாதீர்கள்; அப்புறமும் தொடர்ந்து விசாரித்துத் தகவல் சேருங்கள்.

எத்தனை கணிதம், எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை எலி! சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். வராதவருக்கு ஒரு போன் போடு. ‘என்னாச்சு, ஏன் வரலை?’ என்று கேள். அந்தக் கேள்விக்கு மாற்றாக எந்த ஃபார்முலாவும் கிடையாது. அதைக் கேட்க முடியாமல் போன இடத்தில் மட்டும்தான் ஃபார்முலாவுக்கு வேலை.

நாமெல்லாம் ஆய்வாளர்கள் இல்லை. ஆனால் தினமும் சதவிகிதங்களோடுதான் காபி குடிக்கிறோம். 90 சதவிகிதம் பேருக்குத் திருப்தி. 70 சதவிகிதம் பேருக்குக் குணம். எங்கள் பயிற்சியில் சேர்ந்தவர்களில் 95 சதவிகிதம் பேர் தன்னம்பிக்கை பெற்றார்கள். அடுத்த முறை இப்படி ஒன்றைப் பார்த்தால் மூன்றே கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். ஆரம்பத்தில் எத்தனை பேர்? முடிவில் எத்தனை பேர்? நடுவில் போனவர்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு எதிராளி கொஞ்சம் தயங்கினார் என்றால், நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.